நாலு கை ஏலியனுக்கு மோகேப்: கீழ்க்கை ரெண்டும் ஜெராக்ஸ் மாதிரியே ஆடுது, என்ன பண்றது?

பனங்காட்டுநரி:

வணக்கம் மக்களே. நானும் ரூம்மேட்டும் சேந்து சின்னதா ஒரு கேம் பண்ணிட்டு இருக்கோம், அன்ரியல் 5 கேம் எஞ்சின்ல, பகல்ல ஆபீஸ் ராத்திரில இது. வில்லன் ஒரு ஏலியன். ரெண்டு கால், நாலு கை, ஏழடி உயரம், வாய் இருக்க வேண்டிய எடத்துல நண்டுக் கொடுக்கு மாதிரி ரெண்டு. மாடல் முடிஞ்சுது, ரிக் (அசைக்கறதுக்கு உள்ள வெக்கிற எலும்புக்கூடு) முடிஞ்சுது, அனிமேஷன்ல வந்து நிக்குது வண்டி.

மோகேப் (ஆள் நடிக்கிற அசைவை பதிவு பண்ணி கேரக்டருக்கு போடறது) பண்ண இனர்ஷியல் சூட், அதாவது ஒடம்பு பூரா அசைவு சென்சார் வெச்ச ட்ரெஸ், ஒண்ணு ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். ரூம்மேட் காலேஜ்ல மைம் பண்ணவன், அதனால நடிப்பு அவன், லேப்டாப் நான். மொத நாள் பெட்ரூம்லயே எடுத்தோம், பீரோ ஒரு பக்கம் இரும்புக் கட்டில் ஒரு பக்கம், நடுவுல அவன். ப்ளே பண்ணி பாத்தா அவன் நேரா நடந்தது ஸ்க்ரீன்ல போதையேறின மாடு மாதிரி சாஞ்சு சாஞ்சு போகுது, இடுப்பு ஒரு திசைல மூஞ்சி ஒரு திசைல. மறுநாள் மொட்டை மாடிக்கு போனோம், அங்க நல்லா வந்துது.

இப்ப பிரச்சனைக்கு வரேன். மேல்கை ரெண்டு, கால், தலை எல்லாம் ரீடார்கெட் பண்ணியாச்சு, அதாவது அவன் அசைவை ஏலியன் எலும்புக்கு மாத்தியாச்சு, சூப்பரா இருக்கு. கீழ்க்கைக்கு என்ன பண்றதுன்னு தெரியாம மேல்கை அனிமேஷனையே காப்பி பண்ணி 4 ஃப்ரேம் தள்ளி போட்டேன். நடந்தா நீச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு. குத்து விட்டா கீழ்க்கையும் சும்மா காத்துல குத்துது. உச்சகட்டம் என்னன்னா ஒரு எடத்துல அவன் தலைய சொறிவான், அப்ப கீழ்க்கையும் மேல போயி சொந்த விலா எலும்புக்குள்ள பூந்து வெளிய வருது 😭

ஒரே ஒரு நடிகன் ஒரே ஒரு சூட் வெச்சுகிட்டு நாலு கைக்கும் உயிர் குடுக்க முடியுமா? இன்னொண்ணு, கடைசி லெவல்ல ஆறு கால் பாஸ் எதிரி ஒண்ணு வருது, அதையும் மோகேப்ல பண்ணலாமா இல்ல ஆசையே படக்கூடாதா? முகத்துக்கு மொபைல் ஃபேஸ் கேப்ச்சர் தான் இருக்கு, ஆனா இவனுக்கு உதடே இல்ல. சூட் இன்னும் ஒரு தடவை வேணா ஒரு நாளைக்கு எடுக்கலாம், அதுக்கு மேல கையில காசில்ல.

---

சும்மாவந்தேன்:

ஸ்கூல் ஆண்டு விழால அம்மன் டான்ஸ் பாத்ததில்லயா ப்ரோ, முன்னாடி ஒரு பொண்ணு நிக்கும் பின்னாடி மூணு பொண்ணுங்க ஒளிஞ்சு நின்னு கைய மட்டும் நீட்டும். ரூம்மேட் முன்னாடி, நீ பின்னாடி. வேலை முடிஞ்சுது 😂

---

ரிக்கிங்ராணி:

சிரிச்சுட்டு போகாதீங்க, அவர் சொன்னதுல பாதி விடை இருக்கு. அந்த டான்ஸ்ல எது நல்லா இருக்கும்னு யோசிச்சு பாருங்க, பின்னாடி நிக்கிற பொண்ணு ஒரு துளி லேட்டா கைய எடுக்கும், அது தனி ஆள்ங்கறதால அந்த கைக்குன்னு தனி மூச்சு இருக்கும். தம்பி உங்க காப்பில இல்லாதது அதுதான். 4 ஃப்ரேம் தள்ளினா லேட் மட்டும் தான் வரும், வேற மனசு வராது.

ஆனா நெஜமாவே ரெண்டு பேரை ஒட்டி நிக்க வெச்சு எடுக்கறதுல சிக்கல் இருக்கு. கேமரா வெச்ச ஆப்டிகல் ஸ்டேஜ்னா பின்னாடி ஆள் மேல ஒட்டின மார்க்கர் புள்ளிங்க பாதி முன்னாடி ஆள் ஒடம்புல மறைஞ்சிடும், அப்புறம் உக்காந்து இடைவெளிய ரொப்பியே வாரம் ஓடிடும். இனர்ஷியல்ல மறைவு பிரச்சனை இல்ல, அங்க கேமராவே கிடையாது, ஆனா ரெண்டு சூட் வேணும், அப்புறம் ஒருத்தர்கிட்டேந்து இன்னொருத்தர் எத்தனை இன்ச்ல நிக்கிறாங்கன்னு அதுக்கு சரியா தெரியாது, கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் ஒருத்தருக்குள்ள ஒருத்தர் நகந்து போயிடுவாங்க. ஓ அந்த பெட்ரூம் கதைக்கும் இதான் பதில், அந்த சென்சார்ங்க திசை தெரிஞ்சுக்க பூமியோட காந்தப்புலத்தையும் பாக்கும், பக்கத்துல பீரோ இருந்தா அதுக்கு வடக்கு எதுன்னே குழம்பிடும். மாடி தரைலயும் கான்கிரீட்டுக்குள்ள கம்பி இருக்கு, பாதம் தான் மொதல்ல கெடும், அதனால அளவு எடுக்கறப்ப அதே எடத்துல நிக்காம நாலு எட்டு நடந்து பாத்து எங்க சுத்தமா வருதோ அங்க எடுங்க.

ஒரே ஆள் ரெண்டு டேக், இதான் வழி. மொத டேக் ஒடம்பு, மேல்கை, கால். ரெண்டாவது டேக்ல அதே ரூம்மேட்டை ஒரு ஸ்டூல்ல உக்கார வைங்க, மொத டேக்கை ஸ்க்ரீன்ல ஓட்டுங்க, அவர் அதைப் பாத்துகிட்டே கீழ்க்கைய மட்டும் நடிக்கணும். ஏன் உக்காரணும்னா ரெண்டாவது டேக்லேந்து நமக்கு வேண்டியது நெஞ்சை வெச்சு கை எப்படி திரும்புதுங்கறது மட்டும் தான். நின்னுகிட்டு நடிச்சா இடுப்பும் நெஞ்சும் ஆடும், அந்த ஆட்டத்தை சரிக்கட்ட கையும் ஏதாவது பண்ணும், அப்புறம் அந்த கைய வேற நெஞ்சுல ஒட்டினா காரணமே இல்லாம தவிக்கிற மாதிரி தெரியும். ரெண்டு டேக்லயும் ஆரம்பத்துல ஒரு கைத்தட்டு. உள்ளங்கை ரெண்டும் ஒட்டுற ஃப்ரேம் தான் உங்க பூஜ்யம்.

கவனிக்க வேண்டியது ஒண்ணு. கண்ணால ஒண்ணைப் பாத்து கை அசையறதுக்கு மனுஷனுக்கு சுமார் கால் செகண்ட் ஆகும். செகண்டுக்கு 30 ஃப்ரேம் கணக்குல அது சுமார் 7 ஃப்ரேம். அப்படியே விட்டா கீழ்க்கை தூங்கி எழுந்த மாதிரி இருக்கும், முழுசா முன்னாடி இழுத்துட்டா பழையபடி ஜெராக்ஸ். நான் 5 ஃப்ரேம் முன்னாடி இழுத்து மிச்சத்தை விட்டுடுவேன், ஆனா குத்து உதைக்கு இந்த கணக்கு செல்லாது, அதுல கீழ்க்கை முன்கூட்டியே தயாராகணும், உங்க ரூம்மேட் ரெண்டு மூணு தடவை பாத்து மனப்பாடம் பண்ணிட்டா தானா முந்திக்குவார்.

அப்புறம் இதை விட முக்கியமான சங்கதி, சூட்டை ஆன் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ண வேண்டியது: கீழ்க்கைக்கு என்ன வேலை? இதுக்கு பதில் இல்லாம நடிச்சா எந்த டெக்னிக்கும் காப்பாத்தாது. என்னோட ஒரு ப்ராஜெக்ட்ல நாங்க வெச்சது, மேல்கை சண்டைக்கும் பந்தாவுக்கும், கீழ்க்கை நுணுக்க வேலைக்கு. வில்லன் மேல்கைய விரிச்சு ரொம்ப மரியாதையா பேசிட்டு இருப்பான், கீழ எடது கை கட்டைவிரல் இடுப்புல இருக்கிற கத்திப் பிடிய தடவிகிட்டே இருக்கும். அவ்ளோதான், வேற அசைவே கிடையாது, டெஸ்ட் பண்ண எல்லாரும் அந்த விரலைத் தான் பாத்தாங்க. முக்கால்வாசி நேரம் கீழ்க்கை சும்மா இருக்கட்டும். 1998ல வந்த ஹாஃப் லைஃப் கேம்ல வார்ட்டிகான்ட்னு ஒரு ஜீவன் வரும், நெஞ்சுல மூணாவதா ஒரு குட்டிக் கை தொங்கும், அது பெருசா எதுவும் பண்ணாது, ஆனா அந்த கை இல்லாம அவனை நினைக்கவே முடியாது.

ரிக்ல ஒண்ணு செக் பண்ணுங்க. கீழ்க்கையோட தோள்பட்டை எந்த ஸ்பைன் ஜாயின்ட்ல ஒட்டியிருக்கு? மேல்கை ஒட்டியிருக்கிற அதே ஜாயின்ட்லன்னா மாத்துங்க, அதுக்கு ஒண்ணு ரெண்டு கீழ கொண்டு போங்க. முதுகெலும்பு திரும்பறப்ப கீழ் ஜாயின்ட் கம்மியா தான் திரும்பும், அதனால நீங்க ஒரு கீ (ஒரு ஃப்ரேம்ல கையால வெக்கிற போஸ்) கூட போடாமலே கீழ்க்கை மேல்கைய விட அடக்கமா அசையும்.

விலாவுக்குள்ள பூந்து வர்றதுக்கு தலகாணி வைத்தியம். மொத டேக் எடுக்கறப்ப நடிகரோட ரெண்டு அக்குள்லயும் ஒரு சின்ன தலகாணி வெச்சு துப்பட்டாவால இறுக்கி கட்டுங்க. முழங்கை தானா ஒடம்பை விட்டு விலகி நிக்கும், அந்த காலி எடத்துல தான் உங்க கீழ்க்கை வாழப்போகுது. எங்க நடிகர் மொதல்ல திட்டினார், பத்து நிமிஷத்துல அவர் நடையே மாறிடுச்சு, அந்த மாறின நடை தான் ஏலியன் நடை.

---

கீஃப்ரேம்_கந்தன்:

எல்லாம் சரி மேடம், ஆனா ஒரு சின்ன டீமுக்கு இவ்ளோ தேவையான்னு தான் கேக்கறேன். 1992ல மார்ட்டல் காம்பாட்னு சண்டை கேம் வந்தப்ப எல்லா ஃபைட்டரும் நெஜ ஆளுங்க, வீடியோ எடுத்து டிஜிட்டைஸ் பண்ணாங்க. நாலு கை கோரோ வந்தப்ப மட்டும் ஆள் வெச்சு எடுக்க வழியில்ல, பொம்மை செஞ்சு ஒவ்வொரு ஃப்ரேமா நகத்தி ஸ்டாப் மோஷன்ல பண்ணாங்க. அந்த பொம்மை மத்தவங்க நடுவுல கொஞ்சம் வேற மாதிரி அசையும், சின்ன வயசுல எனக்கு அவனைப் பாத்தா பயமா இருந்ததுக்கு பாதி காரணம் அந்த அசைவு தான்னு இப்ப தோணுது. 2012ல ஜான் கார்ட்டர் படத்துல நாலு கை பச்சை ஆளுங்க, நடிகருங்க பொய்க்கால் கட்டிட்டு நடிச்சாங்க, அதுலயும் நடிகருக்கு இருக்கிறது ரெண்டு கை தானே, மிச்ச ரெண்டு அனிமேட்டர் தலைல தான் விழுந்துது. இருபது வருஷ இடைவெளி, காசு எவ்வளவோ மடங்கு, கடைசில கீழ்க்கைக்கு கை வேலை தான்.

தம்பிக்கு நான் சொல்றது, கீழ்க்கைய கையாலயே கீ பண்ணுங்க. உங்க வில்லனுக்கு மொத்தம் எத்தனை அட்டாக் இருக்கும், ஆறு? ஏழு? ஒவ்வொண்ணும் 40, 50 ஃப்ரேம். சூட் வாடகை, க்ளீனப், சின்க் எல்லாம் கூட்டிப் பாத்தா அதை விட சீக்கிரம் முடிச்சிடலாம். மோகேப் டேட்டால ஃப்ரேமுக்கு ஒரு கீ இருக்கும், ஒரு எடத்துல கைய ரெண்டு இன்ச் நகத்தணும்னா கூட கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி தான்.

இன்னொண்ணு, மோகேப் குத்தை அப்படியே கேம்ல போடாதீங்க. பழகின ஆள் குத்து விட்டா ஓங்கறதே தெரியாது. எதிரி ஓங்கறது ப்ளேயருக்கு தெரியணும், அப்பதான் அவன் விலகுவான், இல்லன்னா இது ஏமாத்து வேலைன்னு கன்ட்ரோலரை தூக்கி போடுவான். ஓங்கற எடத்தை ஒன்றரை மடங்கு நீட்டுங்க, அடி விழுற எடத்தை 2, 3 ஃப்ரேமா நறுக்குங்க. அந்த நேரத்துல கீழ்க்கை தான் உங்க சிக்னல் லைட். மேல்கை ஓங்கறதுக்கு முன்னாடி கீழ்க்கை முஷ்டி மூடட்டும், ரெண்டாவது தடவை செத்தப்புறம் ப்ளேயர் அதைக் கத்துக்குவான்.

---

ரிக்கிங்ராணி:

அட்டாக்குக்கு கந்தன் சார் சொல்றது தான் சரி, நானும் அதை கையால தான் பண்ணுவேன். பேசற சீன், சும்மா நிக்கிறது, நடக்கிறது இதுக்கு மட்டும் ரெண்டு டேக். சும்மா நிக்கிறதை கையால கீ பண்ணி உயிரோட காட்டறது தான் இந்த தொழில்லயே கஷ்டமான வேலை, அவரே ஒத்துக்குவார்.

---

கீஃப்ரேம்_கந்தன்:

ஒத்துக்கறேன் 😄

---

எட்டுக்கால்:

ஆறு கால் பத்தி யாரும் பேசல, அது நம்ம ஏரியா, ஆனா நான் கோடு எழுதறவன், அனிமேட்டர் இல்ல, அந்த புத்தி தெரிஞ்சா பொறுத்துக்கங்க.

பாஸுக்கு காலை மோகேப் பண்ணவே பண்ணாதீங்க. ஒடம்பை மட்டும் பண்ணுங்க. இடுப்பு, நெஞ்சு, தலை இந்த மூணும் நடிகர்கிட்டேந்து வரட்டும், கோவம் தயக்கம் வலி எல்லாம் அதுல தான் இருக்கு. காலை கேம் ஓடறப்பவே ப்ரொசீஜரலா, அதாவது ப்ரோக்ராமே கணக்கு போட்டு அசைக்கிற மாதிரி போடுங்க. லாஜிக் ரொம்ப சின்னது, ஒவ்வொரு காலுக்கும் ஒடம்பை ஒட்டி ஒரு வீட்டுப் புள்ளி, பாதம் தரைல ஊனின எடத்துலயே நிக்கும், ஒடம்பு நகர நகர வீட்டுப் புள்ளி விலகிப் போகும், இவ்ளோ தூரம் விலகினா கால் தூக்கி அங்க வைக்கணும், மேலேந்து ஒரு ரே (கண்ணுக்குத் தெரியாத கதிர்) விட்டு தரை எங்க இருக்குன்னு பாத்துக்கணும், அப்புறம் ஐகே (நுனி எங்க இருக்கணும்னு சொன்னா மிச்ச மூட்டை தானா மடக்கற கணக்கு) மடக்கிக்கும். பாதம் வழுக்கற பிரச்சனையே வராது, ஏன்னா பாதம் தான் இங்க மொதல்ல முடிவாகுது. படிக்கட்டு, பாறை, செத்துக்கிடக்கிற சோல்ஜர் எது மேல வேணா ஏறும்.

ஆனா எந்த கால் எப்ப தூக்கும்னு விதி வைக்கலன்னா ஆறும் ஒண்ணா குதிக்கும். கரப்பான்பூச்சி, எறும்பு எல்லாம் பண்றது என்னன்னா எடது பக்கம் முன்னங்கால் பின்னங்கால், வலது பக்கம் நடுக்கால், இந்த மூணும் ஒரு செட். மிச்ச மூணு இன்னொரு செட். ஒரு செட் தரைல இருக்கறப்ப தான் இன்னொண்ணு தூக்கும், அதனால எப்பவும் ஒரு முக்காலி தரைல நிக்குது, எந்த நொடில நிறுத்தினாலும் விழாது. சிலந்திக்கு இதே நாலு நாலா. நம்ப முடியலன்னா மொபைல்ல ஸ்லோ மோஷன் 240ல வெச்சு செவுத்துல போற கட்டெறும்பை எடுத்துப் பாருங்க, நான் ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அதான் பண்ணேன், வீட்டுல ஒரு மாதிரி பாத்தாங்க. கோடுல அப்படியே போட்டா மெஷின் மாதிரி ஆயிடும், அதனால செட்டுக்குள்ள மூணு காலுக்கும் ஒரு ஃப்ரேம் ரெண்டு ஃப்ரேம் வித்தியாசம் குடுங்க, பின்னாடிலேந்து முன்னாடி அலை மாதிரி வரட்டும்.

சைஸ் கணக்கு ஒண்ணு இருக்கு, நெறைய பேர் கோட்டை விடறது இங்க தான். ஊஞ்சல் சங்கிலிய நாலு மடங்கு நீட்டினா ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆகும், கால் வீசறதும் கிட்டத்தட்ட அதே கதை. 1.75 மீட்டர் ஆள் நடிச்சதை 7 மீட்டர் ஜந்துவுக்கு போட்டா நாலு மடங்கு, அப்ப வேகம் சரிபாதி ஆகணும். அப்படியே போட்டா ரப்பர் பொம்மை மாதிரி லேசா தெரியும். அதே நேரம் சரிபாதியா குறைச்சா விளையாட போர் அடிக்கும், நான் 65, 70 சதவீதத்துல நிறுத்தி பாதம் விழறப்ப கேமராவ லேசா குலுக்கி விட்டுடுவேன், கண்ணு ஏமாந்துடும். உங்க ஏழடி ஆளுக்கு இது தேவையே இல்ல, 10 சதவீதத்துக்குள்ள தான் வரும்.

நடிகரை நாலு கால்ல தவழ விடலாமான்னு கேட்டா, நேரா தவழ்ந்தா குண்டி மேலயும் தலை கீழயும் போயிடும், நம்ம கை காலை விட குட்டை. 2011ல வந்த ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ் படத்துல குரங்கா நடிச்சவங்க கைல குட்டையா ஒரு ஊன்றுகோல் மாதிரி மாட்டிகிட்டு தான் நாலு கால்ல ஓடினாங்க. பழைய க்ரட்ச் ரெண்டை அறுத்து பண்ணலாம். மணிக்கட்டு ஜாக்கிரதை.

எத்தனை கால் வரும்னே தெரியாம அனிமேட் பண்ணவங்களும் இருக்காங்க, 2008ல வந்த ஸ்போர்ங்கற கேம். அதுல ஜந்துவ வரையறதே ப்ளேயர் தான், மூணு கால் வைப்பான் ஒம்பது கை வைப்பான். அதனால அனிமேட்டர் இந்த எலும்பை இவ்ளோ திருப்புன்னு சொல்லாம முன்னாடி இருக்கிற பிடிக்கிற கைய வாய்க்கு கொண்டு போன்னு பொதுவா சொல்லி வெச்சாங்க, எந்த கைன்னு கேம் ஓடறப்ப முடிவாகும். உங்க கீழ்க்கைக்கும் இந்த புத்தி உதவும்.

---

ரிக்கிங்ராணி:

முகத்தை மறந்துட்டோம். ஐபோன் ஃபேஸ் கேப்ச்சர்ல 52 ஷேப் வரும், தாடை திறக்கிறது, புருவம் ஏறுறது, கன்னம் உப்புறதுன்னு. உங்க ஆளுக்கு உதடு இல்லன்னா உதட்டை தேடாதீங்க, அர்த்தத்தை மாட்டுங்க. தாடை திறந்தா கொடுக்கு விரியட்டும், எடது பக்கம் சிரிச்சா எடது கொடுக்கு மட்டும் லேசா தூக்கட்டும், புருவம் ஏறுனா தலை மேல ஏதாவது முள்ளு செதில் இருந்தா அது சிலிர்க்கட்டும். ம, ப வர்ற எடத்துல மட்டும் கொடுக்கு நுனி ரெண்டும் கண்டிப்பா தொடணும். அது ஒண்ணு சரியா விழுந்தாலே பேசற மாதிரி நம்பிடுவாங்க, மத்த எழுத்தெல்லாம் யாரும் கணக்கு பாக்கறதில்ல. கண்ணை மட்டும் மனுஷக் கண் மாதிரியே விட்டுடுங்க. 2006 பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் படத்துல டேவி ஜோன்ஸ்ங்கற வில்லனோட தாடி பூரா ஆக்டோபஸ் கை, அது பெரும்பாலும் சிமுலேஷன்ல தானா நெளியுது, ஆனா நடிச்ச பில் நைய்யோட கண்ணசைவும் முகச்சுளிப்பும் அப்படியே இருக்கறதால தான் நாம தாடிய மறந்துட்டு ஆளைப் பாக்கறோம்.

---

பனங்காட்டுநரி:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், ராணி அக்கா உங்களுக்கு ஸ்பெஷலா. பதினோரு நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கங்க.

கீழ்க்கைய ரெண்டு ஸ்பைன் கீழ மாத்தினேன், அதுக்கே பாதி நீச்சல் போயிடுச்சு. தலகாணி கட்டினோம், ரூம்மேட் போட்டோ எடுக்க விடல. அட்டாக் எல்லாம் கந்தன் அண்ணா சொன்னபடி கையாலயே பண்றேன், முஷ்டி மூடற ஐடியா வேற லெவல்.

ரெண்டாவது டேக்ல ஒரு கூத்து நடந்துது. லேப்டாப்ல கேரக்டர் எங்களைப் பாத்து நிக்குது, இவன் ஸ்டூல்ல உக்காந்து அதைப் பாத்து நடிக்கிறான், கண்ணாடி பாக்கற பழக்கத்துல அது வலது கைய தூக்கினா இவன் எடது கைய தூக்கிட்டான். ஒரு மணி நேரம் எடுத்தப்புறம் தான் கவனிச்சோம், சூட்டை அன்னிக்கு சாயங்காலமே திருப்பி குடுக்கணும். சரி போட்டு பாப்போம்னு போட்டா, நடக்கற சீன் பிரமாதமா இருக்கு! மேல வலது கை முன்னாடி வர்றப்ப கீழ எடது கை முன்னாடி வருது, முழங்கை மோதவே இல்ல, கனமா நடக்கற மாதிரி இருக்கு. பேசற சீனும் ஓகே. ஆனா பெட்டிய தூக்கற சீன்ல வலது பக்கம் பெட்டி இருக்கு, கீழ்க்கை எடது பக்கம் காத்தை தூக்கிட்டு வருது.

இதை எப்படி சரி பண்றது, சூட் போயிடுச்சு.

---

ரிக்கிங்ராணி:

நடை நல்லா வந்ததுல ஆச்சரியமில்ல, மனுஷன் நடக்கறப்பவே வலது கையும் எடது காலும் தான் ஒண்ணா போகும், நீங்க தெரியாம கீழ்க்கையயும் அந்த தாளத்துல சேத்துட்டீங்க. அதைத் தொடாதீங்க. பெட்டி சீன்ல மட்டும் கீழ்க்கை ரெண்டையும் மிரர் பண்ணுங்க, எடதை வலதுக்கும் வலதை எடதுக்கும் மாத்தி. மணிக்கட்டு பெட்டில சரியா ஒட்டாது, அந்த 20 ஃப்ரேமுக்கு மட்டும் பெட்டில ஐகே போட்டு பிடிச்சுக்கங்க. அடுத்த தடவை எடுக்கறப்ப கேரக்டரோட முதுகுப் பக்கம் கேமராவ வெச்சு ஓட்டுங்க தம்பி.

---

சும்மாவந்தேன்:

நான் சொன்ன மாதிரி பின்னாடி நின்னிருந்தா இந்த பிரச்சனையே வந்திருக்காது 😌